ஜிக்கில் கடித்த பாஸ் கைவலைக்கு வந்து சேர: முள் தேர்வு முதல் கழற்றுவது வரை

ஜிக் என்பது ஈயத்தலையோடு முள் சேர்ந்த தூண்டில் இரை. அதை வாங்கக் கடைக்குப் போகும் புதியவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார், அடுத்து எடையைப் பார்ப்பார். முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது ஈயத்தோடு சேர்த்து வார்த்து வருகிறதே, அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அப்புறம் ஏரியில் தூண்டில் நரம்பில் ஒரு தட்டல் தெரியும். ராடை, அதாவது தூண்டில் கோலை, ஓங்கி இழுப்பார். மூன்று விநாடி கனம் தெரியும், பிறகு நரம்பு தொளதொளவென்று ஆகிவிடும். "சரியாகக் கடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு நிறத்தை மாற்றுவார்.

டெக்சஸில் லேக் ஃபோர்க், சாம் ரேபர்ன் ஏரிகளுக்கு என்னோடு படகில் வந்த நண்பர்கள் பெரும்பாலும் இப்படித்தான். முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான். மீன் கடித்திருக்கும், முள் ஏறியிருக்காது. அல்லது ஏறியிருக்கும், நின்றிருக்காது. இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வெவ்வேறு.

இங்கே சொல்வதெல்லாம் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு, ஸ்கர்ட்டும் தடுப்பு நாரும் உள்ள ஜிக்குக்கு. சில சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நரம்பைக் கட்டும் ஓட்டை காது. காதிலிருந்து நேராகப் போவது தண்டு, அது திரும்பும் இடம் வளைவு. முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி முள்ளின் வாய். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்தான் பார்ப். தலையைச் சுற்றித் தொங்கும் இழைகள் ஸ்கர்ட். கிளையில் சிக்காமல் முள்ளைக் காக்கும் கற்றை தடுப்பு நார். முள்ளில் கூடுதலாகக் கோக்கும் மென்பிளாஸ்டிக் இரை டிரெய்லர்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் ராடும் நரம்பும் எவையோ அவையே போதும். இப்போதே புதிதாக வாங்க வேண்டாம், ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

இவற்றோடு ஒரு ஸ்பிரிங் தராசு வேண்டும். விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்க வைத்திருப்போமே, அதுவே போதும். சமையலறை டிஜிட்டல் தராசு, சிறு கத்தரி, முள் தீட்டும் அரம், நீண்ட மூக்குக் குறடு, கண்ணாடி ஆகியவையும் வேண்டும். கண்ணாடியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கவனக்குறைவாகச் சுண்டியதில் திரும்பி வந்த அரை அவுன்ஸ் ஜிக் என் தொப்பியில் குத்தி நின்றிருக்கிறது.

மீன்பிடி உரிமத்தோடு அந்த மாநிலத்தின் ஈய விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசச்சூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈய ஜிக் கூடாது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததும் கூடாது. லூன் என்ற நீர்ப்பறவை அவற்றை விழுங்கிச் சாவதால் வந்த விதி இது. அங்கெல்லாம் டங்ஸ்டன் போன்ற வேறு உலோக ஜிக்தான். டங்ஸ்டன் 3400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால் முள்ளைச் சுற்றி வார்க்க முடியாது, தலையில் முள்ளைச் செருகி ஒட்டுகிறார்கள். வாங்கும்போது முள் தலையில் ஆடுகிறதா என்று ஒரு தடவை திருகிப் பாருங்கள்.

2. முள்ளைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்கள்

முள் எதற்குள் போய் எதிலிருந்து மீனை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இதை விட்டுவிட்டு முள்ளிலிருந்து தொடங்கினால் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும்.

மூன்று இடங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதலாவது ஹைட்ரில்லா போன்ற அடர்ந்த பாசி. இங்கே மீனோடு சேர்த்துப் பாசியையும் தூக்க வேண்டும். இரண்டாவது நீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், லேக் ஃபோர்க்கில் இவை ஏராளம். மீன் கிளையைச் சுற்றுவதற்குள் இரண்டு மூன்று அடியாவது அதை நகர்த்தியாக வேண்டும். மூன்றாவது கல்லும் சரளையும் உள்ள திறந்த தரை. இங்கே அவசரமில்லை, ஆனால் மீன் 25, 30 மீட்டர் தள்ளி இருக்கும்.

முதல் இரண்டில் முள்ளுக்கு வலு வேண்டும். மூன்றாவதில் சுலபமாக ஏறுகிற முள் வேண்டும். ஒரே ஜிக்கை மூன்றுக்கும் வீசுகிறவர் ஓரிடத்தில் வளைந்த முள்ளையும், இன்னோரிடத்தில் ஏறாத முள்ளையும் பார்ப்பார்.

3. உங்கள் இழுப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. எனக்குக் கண் திறந்ததும் இதில்தான்.

வீட்டுக்கு வெளியே நரம்பின் நுனியை ஸ்பிரிங் தராசில் கட்டி, தராசை ஒரு தூணில் மாட்டுங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று, ஏரியில் முள்ளை ஏற்றச் சுண்டுவது போலவே சுண்டுங்கள். எண்ணை ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் 25 மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் செய்யுங்கள்.

முதல் தடவை நான் முழு பலத்தோடு இழுத்ததாக நினைத்தேன். ஓரளவு விறைப்பான மீடியம் ஹெவி ராடு, 15 பவுண்டு எடை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு. தராசு ஒன்றேகால் கிலோ காட்டியது. 25 மீட்டரில் முக்கால் கிலோ. மீனை அசைக்கவா, கொசுவை விரட்டவா என்று மனைவி கேட்டார்.

காரணம் எளிது. ஏழு அடி ராடு உங்கள் கைக்கு எதிரான நெம்புகோல். நுனி வளைந்து விசையை வாங்கிக்கொள்கிறது, நரம்பு நீண்டு கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. நைலானும் ஃப்ளூரோகார்பனும் நீளும், பிரெய்டு என்ற பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளாது. அதே ராடில் 50 பவுண்டு பிரெய்டு போட்டதும் எண் கண்கூடாக ஏறியது.

அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். மீன் ஜிக்கைக் கவ்விப் பிடித்திருக்கும் பிடி, தடுப்பு நார், தடித்த டிரெய்லர், தடித்த கம்பி எல்லாம் அதில் பிடித்தம். எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் முள்ளை ஏற்றும். இனி வரும் படிகளெல்லாம் பிடித்தத்தைக் குறைப்பது பற்றியவைதான்.

4. கம்பித் தடிமன்: இதில் தவறினால் மற்றது எதுவும் காப்பாற்றாது

காதின் கோணத்தைப் பற்றித்தான் எல்லாரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கம்பித் தடிமன்தான் முதல். நான் தவறவிட்ட மீன்களைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் வரும்.

கம்பி ஒன்றரை மடங்கு தடித்தால், அது போட வேண்டிய துளையின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. முனை எவ்வளவு கூராக இருந்தாலும் பார்ப் உள்ளே போகும்வரை அந்தத் தடிமன் முழுவதும் சதையைப் பிளந்தாக வேண்டும். லார்ஜ்மவுத்தின் மேலண்ணத்தில் எலும்பு அதிகம். அங்கே பார்ப் பாதியில் நின்றுவிட்டால் கனம் தெரியும், மீன் வரும், முதல் குதியில் போய்விடும். அந்த மூன்று விநாடி மீன் இதுதான்.

மெல்லிய கம்பி சுலபமாக ஏறும். ஆனால் பிரெய்டும் ஹெவி ராடும் வைத்துப் பாசியிலிருந்து பிடுங்கினால் வளைவு விரிந்துவிடும். முள் உடையாது, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டும், அவ்வளவுதான். மீனுக்கு அது போதும்.

நான் பொருத்தும் விதம் இது. பாசிக்கு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு, ஹெவி ராடு, தடித்த கம்பியில் 4/0 அல்லது 5/0 முள் (கோட்டுக்கு முந்தைய எண் கூடக் கூட முள் பெரிது). மரங்களுக்கு 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன், மீடியம் ஹெவி அல்லது ஹெவி ராடு, கொஞ்சம் தடித்த கம்பியில் 4/0. கல் தரைக்கு 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன், நடுத்தரக் கம்பியில் 3/0 அல்லது 4/0. ஸ்பின்னிங் ரீலில் 10 பவுண்டு நரம்போடு போடும் சிறிய ஃபினெஸ் ஜிக்குக்கு மெல்லிய கம்பியில் 1/0 அல்லது 2/0.

பாக்கெட்டில் முள்ளின் அளவு எழுதியிருக்கும். கம்பித் தடிமனை எல்லாரும் எழுதுவதில்லை, எழுதினாலும் ‘ஹெவி வயர்’ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காமகாட்சு, ஓனர், மஸ்டாட் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் ஒரே பெயரில் மெல்லியதும் உண்டு, தடித்ததும் உண்டு. ஏற்கெனவே உங்களுக்கு நன்றாக வேலை செய்த ஒரு ஜிக்கைப் பையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கம்பிகளை ஒட்டி வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ‘பெரிய மீன் வந்தால்?’ என்ற பயத்தில் 15 பவுண்டு நரம்போடு தடித்த 5/0 முள்ளைக் கட்டுவது. பெரிய மீனின் வாய் பெரியது, எலும்பும் கெட்டி. அந்த முள் அதில் ஏறவே ஏறாது.

5. காதின் கோணம்

சாதாரண முள்ளில் காது தண்டுக்கு நேராக இருக்கும். ஜிக் முள்ளில் காதுக்குக் கொஞ்சம் முன்பே தண்டு முனைப்பக்கமாக வளைந்திருக்கும். இப்படி வளைத்து ஈயத்தை வார்ப்பதால்தான் ஜிக் தரையில் முனையை மேலே பார்த்தபடி இருக்கிறது, இழுத்ததும் முனை மேலண்ணத்துக்குப் போகிறது. கடைகளில் பெரும்பாலும் 30, 60, 90 டிகிரி கிடைக்கும். 28 என்று எழுதியிருந்தால் அதை 30 என்றே வைத்துக்கொள்ளலாம்.

30 டிகிரியில் காது தலையின் மூக்கில் இருக்கும். நரம்பு முன்னே இழுக்க ஜிக் அம்பு மாதிரி பின்னால் வரும். பாசி வழுக்கிப் போகும். ஸ்விம் ஜிக்கில் இதுதான் இருக்க வேண்டும். காது ஈயத்துக்குள் கொஞ்சம் பதிந்திருந்தால் இன்னும் நல்லது, முடிச்சில் பாசி சேராது. இதன் குறை என்னவென்றால், இழுத்ததும் முள் வாய்க்குள்ளிருந்து நேராக வழுக்கி வந்துவிடப் பார்க்கும். ஆகவே வாய் அகலம் தாராளமாக இருக்க வேண்டும், நரம்பு இறுக்கமாக இருக்கும்போதே சுண்ட வேண்டும். ஸ்விம் ஜிக்கை நாம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பதால் நரம்பு இறுக்கமாகத்தான் இருக்கும், இது பெரிய சிக்கலாவதில்லை.

90 டிகிரியில் காது தலையின் உச்சியில் நிற்கும். நேர் மேலிருந்து பிடித்தால் ஜிக் கிடைமட்டமாகத் தொங்கும். நரம்பு மேல்நோக்கி இழுக்கும்போது முனை சட்டென்று நிமிரும். படகுக்குக் கீழே நேராகத் தொங்கவிடும் சிறிய உருண்டைத் தலைகளுக்கும் முடி ஜிக்குக்கும் பொருத்தம். பாசியில் போட்டால் காது ஒரு கொக்கி மாதிரி எல்லாவற்றையும் அள்ளி வரும்.

60 டிகிரி இரண்டுக்கும் நடுவில். மரத்துக்குள் விடும் ஆர்க்கி தலையிலும் கல்லில் உருட்டும் ஃபுட்பால் தலையிலும் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. தடித்த அட்டையை இரண்டாக மடித்து நடுவில் ஜிக்கை வைத்து, நண்பர் ஒருவர் இரண்டு உள்ளங்கையாலும் லேசாக அழுத்திப் பிடிக்கட்டும். முனை அவர் கையைப் பார்க்காமல் அட்டையின் மடிப்பைப் பார்த்து இருக்க வேண்டும், இதில் கவனம். நரம்பை மெதுவாக இழுங்கள். முனை அட்டையில் கீறிப் பிடிக்கிறதா, வழுக்கி வெளியே வந்துவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியே நரம்பை மேலிருந்து, நேரிலிருந்து என்று கோணம் மாற்றி இழுத்தால் உங்கள் ஜிக் எந்தத் திசை இழுப்புக்கு நன்றாகக் கடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

6. வாய் அகலமும் டிரெய்லரும்

கடையில் முள்ளின் வாய் நல்ல அகலமாகத்தான் இருக்கும். அதில் தடித்த பிளாஸ்டிக் நண்டு டிரெய்லரை நாம் கோத்ததும் பாதி அடைந்துவிடும். மீதியில் ஸ்கர்ட் இழைகள். மீனின் தாடை உள்ளே நுழைய இடம் எங்கே?

டிரெய்லரைக் கோத்த பிறகு வாயைப் பாருங்கள், கோக்கும் முன் பார்த்துப் பயனில்லை. முனையிலிருந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வரை உங்கள் சுண்டுவிரல் நுனியாவது நுழைய வேண்டும். நுழையாவிட்டால் டிரெய்லரின் தலைப்பகுதியை அரை அங்குலம் வெட்டிவிட்டு, தட்டையான பக்கம் தண்டோடு ஒட்டும்படி கோத்துவிடுங்கள். அசைவு முழுதும் நண்டின் கொடுக்குகளில்தான், உடம்பை வெட்டியதால் மீன் கோபித்துக்கொள்ளாது.

டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதே எடைக்குத் தலை சிறிதாக இருப்பதால் வாய்க்கு முன்னால் இடம் கொஞ்சம் கூடும். விலையும் கூடும். சிறிய ஜிக்கில் இந்த வித்தியாசம் காசுக்குத் தகும், முக்கால் அவுன்ஸில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வளைவின் வடிவமும் இங்கேதான் வரும். உருண்டை வளைவில் சதை வளைவின் அடிக்கு வழுக்கிப் போய் உட்காரும். தண்டும் முனையும் விலகிய அகல வாய் முள்கள் மென்பிளாஸ்டிக்குள் முனையை மறைத்து வைக்க உருவானவை. ஸ்கர்ட் ஜிக்கில் எனக்கு உருண்டை வளைவுதான்.

7. முனை

நகத்தில் முனையை வைத்து எடை போடாமல் இழுங்கள். கீறி நின்றால் சரி, வழுக்கினால் தீட்ட வேண்டும். புது ஜிக்குக்கும் இதைச் செய்யுங்கள். தலைக்கு வர்ணம் பூசும்போது முனையிலும் ஒரு பூச்சு ஏறிவிடுவது உண்டு. அரத்தால் ஒரே திசையில் மூன்று பக்கமும் இரண்டு இரண்டு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். அதிகம் தீட்டினால் முனை மெலிந்து முதல் கல்லிலேயே மடங்கும். கல் தரையில் பத்து வீச்சுக்கு ஒரு தடவை நகச் சோதனை செய்வதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

8. தடுப்பு நாரை வெட்டுங்கள்

கடையில் வாங்கிய ஜிக்கை அப்படியே கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. தலையிலிருந்து முனையை நோக்கிச் சாய்ந்து நிற்கும் அந்த நார்க்கற்றை கிளையிலிருந்து முள்ளைக் காக்கிறது. மீனிடமிருந்தும் காக்கிறது. கம்பெனிக்காரர் உங்கள் ராடு எது, நரம்பு எது என்று தெரியாமல் தடிப்பாகவே வைத்து விடுகிறார், வெட்டிக்கொள்வது நம் வேலை.

முதலில் எவ்வளவு கெட்டி என்று பாருங்கள். டிஜிட்டல் தராசின் மேல் நார் படும்படி ஜிக்கைக் கவிழ்த்துப் பிடித்து, நார் மடங்கி முனை தட்டைத் தொடும்வரை அழுத்துங்கள். தட்டின் மேல் ஒரு அட்டைத் துண்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் முனையும் போகும், வீட்டில் நிம்மதியும் போகும். என்னிடம் இருந்த ஒரு புது ஜிக் கிட்டத்தட்ட 900 கிராம் கேட்டது. மூன்றாம் படியில் வந்த சம்பளத்தை நினைத்துப் பாருங்கள்: 25 மீட்டரில் முக்கால் கிலோ. விசை வரும் திசைகள் வேறு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழிக்க முடியாது. ஆனாலும் ஏன் முள் ஏறவில்லை என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வெட்டும் வரிசை முக்கியம். முதலில் நீளம். நாரை முனையின் மேல் அழுத்திப் பார்த்து, முனையை ஐந்து மில்லிமீட்டர் தாண்டும் அளவுக்கு வைத்து மீதியை வெட்டுங்கள். அடுத்து எண்ணிக்கை. நடுவிலிருந்து நாலைந்து நார்களாக அடியோடு வெட்டி, ஒவ்வொரு தடவையும் தராசில் பாருங்கள். கடைசியாக, மிச்சம் இருப்பதை விரலால் இரண்டு பக்கமும் விரித்து ஆங்கில ‘வி’ எழுத்துப் போல ஆக்குங்கள். பக்கவாட்டில் கிளை தட்டினால் நார் தாங்கும், மீன் மேலிருந்து கவ்வினால் நடுவில் விலகிக் கொடுக்கும். எண்ணிக்கையை முதலில் குறைத்துவிட்டு நீளத்தை வெட்டினால் நார் எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாகிவிடும், ஏனென்றால் குட்டை நார் வளையாது.

மரத்துக்கு 500 கிராம் சுற்றியும், கல் தரைக்கு 300 கிராம் சுற்றியும் நான் வைத்துக்கொள்கிறேன். பாசிக்கு, பிரெய்டு இருப்பதால், நாரை அதிகம் குறைப்பதில்லை. கிளையில் இன்னும் இரண்டு ஜிக் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. சுண்டுவது முள்ளுக்கு ஏற்றபடி

பாஸ் ஜிக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும், பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். கடி என்பது ஒரு ‘டக்’. சில சமயம் நரம்பு பக்கவாட்டில் நகரும், சில சமயம் ஜிக்கின் எடையே காணாமல் போகும். மூன்றுமே கடிதான்.

தட்டுத் தெரிந்ததும் ராடின் நுனியை மீனை நோக்கி இறக்கி, தொய்வை ரீலில் சுற்றி எடுத்துவிட்டுச் சுண்டுங்கள். தொய்வோடு சுண்டினால் சம்பளத்தில் பாதி தொய்வை எடுக்கவே போய்விடும். ஆனால் இறக்கிச் சுற்றி யோசித்துச் சுண்ட நேரமும் இல்லை. தொய்வை எடுப்பதும் சுண்டுவதும் ஒரே அசைவாக வரும்வரை வீட்டு வாசலில் அந்தத் தராசை வைத்தே பழகலாம்.

தடித்த முள், கிட்டத்தில் மீன் என்றால் மேல்நோக்கி ஓங்கி ஒரு வெட்டு, அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே மீனை மரத்தை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். ரீலிலிருந்து நரம்பு வெளியேறாமல் பிடிக்கும் டிராக் ஏறக்குறைய பூட்டியே இருக்கலாம். தூரத்தில் ஃபுட்பால் ஜிக் என்றால் மேலே ஓங்குவதைவிட ராடைப் பக்கவாட்டில் நீளமாக வீசி இழுப்பது நல்லது. நீண்ட வீச்சு அதிக நரம்பை நகர்த்தும், நரம்பின் நீட்சி தீர்ந்து விசை முனைக்குப் போகும். ஸ்விம் ஜிக்கில் ஓங்கவே வேண்டாம். சுற்றிக்கொண்டே இருங்கள், கனம் ஏறியதும் பக்கவாட்டில் சாயுங்கள்.

மெல்லிய கம்பி ஃபினெஸ் ஜிக்கில் ஓங்குகிறவர் முள்ளை விரிப்பார் அல்லது நரம்பை அறுப்பார். அங்கே ராடை உயர்த்தி அழுத்தம் கொடுத்தாலே ஏறிவிடும். டிராக்கை நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வையுங்கள். 10 பவுண்டு நரம்புக்கு இரண்டரை பவுண்டு, அதையும் அந்த ஸ்பிரிங் தராசில்தான் பார்க்க வேண்டும்.

10. ஏறிய முள் நிற்க வேண்டும்

பாஸ் மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறும்போது, முள்ளோடு சேர்ந்து ஈயமும் ஆடுகிறது. ஈயத்தின் எடை ஒரு பக்கம், சதையில் குத்திய முனை மறுபக்கம், நடுவில் தண்டு. சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்குவது போலத்தான். எடை கூடினாலும் பிடுங்கும் விசை கூடும், தண்டு நீண்டாலும் கூடும். அதனால் தரையைத் தொட 3/8 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிராம் போதும் என்றால் முக்கால் அவுன்ஸைக் கட்டாதீர்கள். நீளத் தண்டு முள்ளை ஸ்விம் ஜிக்குக்கு ஒதுக்குங்கள்.

தலையும் முள்ளும் தனித்தனியாக, வளையத்தில் ஆடும்படி வரும் ஜிக்குகள் உண்டு. தலை தன்பாட்டுக்கு ஆடுவதால் அந்த நெம்புகோல் முள்ளுக்குப் போய்ச் சேருவதில்லை. முள்ளை மாற்றிக்கொள்ளவும் முடியும். கல் தரையில் அதிகம் மீன் தப்பவிடுகிறவர்கள் ஒரு தடவை இதை முயன்று பார்க்கலாம். ஆனால் மரக்கிளையில் அது அடிக்கடி சிக்கும்.

நரம்பு மேலே ஏறத் தொடங்கினால் மீன் குதிக்கப்போகிறது என்று அர்த்தம். ராடின் நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கிப் பக்கவாட்டில் இழுங்கள். நுனியை உயர்த்தினால் குதிக்க நாமே ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி. படகுக்கு அருகே வந்ததும் ஹெவி ராடு வைத்திருப்பவர் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், ஏனென்றால் மூன்று மீட்டர் பிரெய்டு நீளாது, கடைசி உதறலில் துளை கிழிந்துவிடும். கைவலையை மீனின் பின்னால் துரத்தாதீர்கள். வலை தண்ணீருக்குள் காத்திருக்கட்டும், மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள்.

11. தப்பிவிட்டால் முதலில் முள்ளைப் பாருங்கள்

அடுத்த வீச்சை அவசரப்பட்டு வீசாதீர்கள். முள் சொல்லும்.

வாய் விரிந்திருந்தால் கம்பி உங்கள் நரம்புக்கு மெல்லியது, நான்காம் படிக்குத் திரும்புங்கள். முள் அப்படியே இருந்து, மூன்று விநாடி கனம் தெரிந்து போயிருந்தால் பார்ப் ஏறவில்லை. கம்பி தடிப்பு, முனை மழுங்கல், தூரம் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். சுண்டியதும் ஒன்றுமே இல்லாமல் காலியாக வந்தால் நாரையும் டிரெய்லரையும் பாருங்கள். டிரெய்லர் கீழே இழுபட்டு முனையில் சுருண்டிருந்தால் வாய் அடைபட்டதுதான் காரணம். நன்றாகப் பிடிபட்டுக் குதியில் போயிருந்தால் எடையும் ராடின் கோணமும். முனையில் மெல்லிய தோல் ஒட்டியிருந்தால் முள் தாடையோரத்து ஜவ்வில் மாட்டியிருக்கிறது. அங்கே ஓங்கி இழுக்க இழுக்கத் துளை பெரிதாகும், அடுத்த முறை மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முள், நார், நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய நண்பர் ஒருவருக்கு அன்றைக்கு மீன் வந்தது. எதனால் வந்தது என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

12. கழற்றுவதும் முள்ளை ஓய்வுக்கு அனுப்புவதும்

லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, நல்ல மீன்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள்தான் வரும். ஆகவே கழற்றும்போது மீனுக்குச் சேதம் இல்லாமல் கழற்ற வேண்டும். ஈரக்கையால் கீழ்த்தாடையைப் பிடித்து, குறடால் வளைவைப் பற்றி, முள் வந்த வழியிலேயே பின்னோக்கித் தள்ளுங்கள். ஈயத்தலையைப் பிடித்துத் திருகாதீர்கள், துளை கிழியும். பார்ப் பெரிதாக இருந்தால் குறடால் அழுத்திப் பாதியாக்கலாம். ஏறவும் சுலபம், கழற்றவும் சுலபம், நரம்பு இறுக்கமாக இருக்கும்வரை அதனால் எனக்கு மீன் போனதில்லை.

கழற்றியதும் தூக்கி வீசாமல் முள்ளைப் புது ஜிக்கோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். கொஞ்சம் விரிந்திருந்தாலும் குறடால் வளைத்து நேராக்கித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை விரிந்த கம்பி அதே இடத்தில் அடுத்த தடவை இன்னும் குறைந்த விசைக்கே விரியும். ஸ்கர்ட்டை உருவி வேறு தலைக்கு மாட்டிக்கொள்ளுங்கள், ஈயத்தைக் குப்பையிலோ தண்ணீரிலோ போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். என் டப்பாவில் இப்போது இரண்டு கிலோ இருக்கிறது.